அட்டையில் ஏறாத கணக்கு

வத்திராயிருப்பிலிருந்து மேற்கே சென்றால் தென்னந்தோப்புகள் முடிந்து மலை எழும்பும் இடத்தில் பிளவக்கல் இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டுகளில் இரண்டும் நிறைந்து கிடக்கும். மடை திறந்தால் கண்மாய் கண்மாயாகத் தண்ணீர் இறங்கி வைப்பாற்றுப் படுகையின் வயல்களை நனைக்கும். அவ்வாறு நிறைந்திருந்த ஒரு ஜனவரியில், அணைக்கரையில் என்னோடு நடந்து வந்த முதிய விவசாயி ஒருவர் கேட்டார்: "இம்புட்டுத் தண்ணி சும்மா கெடக்கே சார், இதுல கரண்டு எடுத்தா நம்ம சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் காசில்லாமக் குடுக்கலாமே?"

கணக்கு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் விடை வந்தே தீரும்.

விழும் நீரிலிருந்து கிடைக்கும் மின்சாரம் இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. பிளவக்கல் அணைகள் ஐம்பது அடிக்கும் குறைவான உயரமுள்ளவை, பாசனத்துக்கென்றே கட்டப்பட்டவை. வினாடிக்கு 100 கன அடி நீர் 40 அடி உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டால், இயந்திரத்தில் இழப்புப் போகக் கிடைப்பது 270 கிலோவாட் அளவே. நாள் முழுதும் ஓடினால் ஏறக்குறைய 6,500 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் ஆயிரத்துக்கு எட்டாது. அதுவும் மடை திறந்திருக்கும் சில மாதங்களுக்கு மட்டும். கோடையில் அந்த இயந்திரம் தூசி படிந்து கிடக்கும். இதே மலைத்தொடரின் மறுபுறத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில், லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்று நீர் ஆயிரம் அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்குகிறது. அதே 100 கன அடி அங்கே இருபத்தைந்து மடங்குக்கும் மேல் மின்சாரம் தரும். இறைவன் மலையை இருபுறமும் ஒரே மாதிரி வெட்டி வைக்கவில்லை.

பெரியவர் சமாதானமடையவில்லை. "அப்போ நம்ம வீட்டுக்கு வர்றது எங்கருந்து வருது?" என்றார். நியாயமான கேள்வி. மின் கட்டணம் உயரும்போதெல்லாம் கோபப்படுகிறோம். இலவசம் அறிவிக்கப்படும்போதெல்லாம் மகிழ்கிறோம். இடையில் ஒரு யூனிட்டின் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று நம்மில் பலர் கேட்டுப் பார்த்ததில்லை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில் தேதியும் யூனிட்டும் தொகையும் இருக்கும். அந்தத் தொகை எப்படி உருவானது என்பது அதில் இராது.

பழைய காலத்தில் விடை எளிது. 1930-களில் பைக்காரா, பின்னர் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நம் மாகாணத்துக்கு வந்த மின்சாரத்தில் பெரும்பகுதி ஆற்று நீரிலிருந்து வந்தது. கட்டிய கடன் தீர்ந்தபின் நீர்மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவே கிடையாது, பராமரிப்பும் சம்பளமும்தான். அதனால்தான் "தண்ணீரில் எடுத்தால் காசில்லை" என்ற எண்ணம் முதியவர்கள் மனத்தில் இன்றும் தங்கியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு நீர்மின் நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 2,300 மெகாவாட்டுக்கே திறனுள்ளவை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். ஆறுகளால் ஒன்பதில் ஒரு பங்கைத்தான், அதுவும் மழை பெய்தால்தான், தாங்க முடியும்.

மீதியில் பெரும்பங்கு நிலக்கரி. அதன் பயணத்தைச் சற்றே பின்தொடர்வது நல்லது. ஒடிசா மாநிலத்தில் தால்சேர் என்னும் இடத்தில் வெட்டியெடுக்கிறார்கள்; ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்; கப்பலில் ஏற்றி எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்புகிறார்கள்; அங்கே இறக்கி, அரைத்துத் தூளாக்கி எரிக்கிறார்கள். இப்படி மூன்று முறை ஏற்றி இறக்கி வரும் கரிக்கு, சுரங்க வாயிலில் கொடுத்த விலையைவிட வழிச்செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு. 1979-ல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற பழைய நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ வரை கரி வேண்டும். ஒரு வீடு இரண்டு மாதத்தில் செலவழிக்கும் 400 யூனிட்டும் அப்படியே வந்தால், அந்த வீட்டுக்காக 300 கிலோ கரி எரிந்திருக்கிறது. நம் வாசலில் அதைக் கொட்டினால் ஆறு மூட்டைகள். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாதலால், இரண்டு மூட்டைச் சாம்பலும் திரும்ப அள்ளவேண்டும். பொத்தானை அழுத்தும் விரலில் கரி ஒட்டாததால் இது நமக்குத் தெரிவதில்லை.

அந்தக் கரியின் மீது வரியும் உண்டு. 2016 முதல் டன்னுக்கு 400 ரூபாய் மேல்வரி இருந்தது. முதலில் தூய்மைச் சூழலுக்கென்றும், 2017-க்குப் பின் மாநிலங்களுக்கு இழப்பீடு என்றும் பெயர். யூனிட்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 30 காசு. 2025 செப்டம்பரில் அது நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. நம் அட்டையில் இவற்றில் ஒன்றும் அச்சிடப்படுவதில்லை. விலைக்குள்ளே விலையாக வந்து அமர்ந்துவிடுகின்றன.

காற்றும் வெயிலும் இலவசமல்லவா என்று கேட்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வரும். காற்றுக்கு விலையில்லை, காற்றாலை வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. மேலும் காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், பிறகு ஓய்ந்துவிடும். வெயிலின் கதை வேறு. 2015-ல் கமுதிச் சூரிய மின் நிலையத்துக்கு ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. இரண்டே ஆண்டுகளில், 2017-ல், தமிழ்நாடு விட்ட ஒப்பந்தப் புள்ளியில் அது 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. ஆனால் முந்தைய ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கானது. விலை இறங்கிவிட்டதே என்று கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. இன்று நாம் கட்டும் கட்டணத்தில், என்றோ யாரோ போட்ட கையெழுத்துகள் பல இருக்கின்றன.

இனி மாலை நேரம். பகலில் வெயில் மின்சாரம் தாராளமாக வருகிறது. ஆறரை மணிக்குமேல் சூரியன் விடைபெற்றுக்கொள்கிறது. அப்போதுதான் நாம் விளக்கையும் விசிறியையும் தொலைக்காட்சியையும், வசதியுள்ளவர் குளிரூட்டியையும் போடுகிறோம். அந்த நான்கு மணி நேரத்துக்காகப் பல நிலையங்கள் அடுப்பு அணையாமல் காத்திருக்க வேண்டும். காத்திருந்ததற்கும் கூலி உண்டு. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். ஊர்த் திருவிழா அசனத்துக்கென்று பெரிய அண்டாக்களை வாங்கி, ஆண்டு முழுவதும் அறையில் பூட்டி வைப்பதைப் போன்றது இது. அண்டா சமைக்காத நாளிலும் அதன் விலை செலவழிந்ததுதான். அதற்கும் மேல் பற்றாக்குறை வந்தால் மின் சந்தையில் வாங்க வேண்டும். அங்கே 2023 ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கோடை மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொட்டுவிடுவதுண்டு. நண்பகலில் ஓடும் மாவரைக்கும் இயந்திரமும் இரவு எட்டு மணிக்கு ஓடும் மாவரைக்கும் இயந்திரமும் வாரியத்துக்கு ஒரே செலவு வைப்பதில்லை. நமக்கோ ஒரே விலை.

கம்பி வழியே வரும்போதும் சேதம் உண்டு. கிணற்றிலிருந்து வாய்க்காலில் விடும் நீர் வரப்புக்கு வருமுன் மண் குடிப்பதைப் போல, கம்பிகள் சூடாகி மின்சாரத்தைக் குடிக்கின்றன. நம் மாநிலத்தில் அனுப்பியதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறும் திருட்டாலும் வசூலாகாமலும் போகிறது. இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல நிலைதான். பிறகு சம்பளங்கள், ஓய்வூதியங்கள். புயல் இரவில் கம்பத்தில் ஏறும் மனிதருக்குக் கொடுக்கும் ஊதியத்தைச் செலவு என்று முணுமுணுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆண்டுதோறும் அவர்களில் சிலர் கம்பத்திலிருந்து உயிரோடு இறங்குவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது வேறொரு தொகை. 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், வீட்டுக் கட்டணம் உயரவில்லை. 2016 மே மாதம் முதல் நூறு யூனிட் இலவசமும் வந்தது. நாம் மகிழ்ந்தோம். செலவு மட்டும் நமக்காக நிற்கவில்லை. 2022 ஜூலையில் உயர்வை அறிவித்தபோது அரசு வெளியிட்ட கணக்கின்படி, 2011-12-ல் 43,493 கோடி ரூபாயாக இருந்த மின்வாரியத்தின் கடன் பத்தாண்டுகளில் 1,59,823 கோடியாகிவிட்டது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 16,511 கோடி. இடையில், 2017-ல், மத்திய அரசின் உதய் திட்டத்தின்கீழ் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்ட பின்னும் இந்த நிலை.

மாநிலத்துக்கு ஓராண்டில் தேவைப்படும் மின்சாரம் அப்போது சுமார் 10,000 கோடி யூனிட். வகுத்துப் பாருங்கள்: யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் மேல் வட்டிக்கே போகிறது. அந்த ஒன்றரை ரூபாயில் ஒரு கைப்பிடிக் கரிகூட வாங்கவில்லை; ஒரு முழம் கம்பிகூட இழுக்கவில்லை. 2015-லும் 2018-லும் நாம் எரித்த விளக்குகளுக்கு, அப்போது தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இன்று வட்டி கட்டுகிறார்கள். கட்டணம் உயராத ஆண்டுகளில் நாம் காப்பாற்றப்பட்டோம் என்று எண்ணினோம். கடைக்காரர் நம் பெயரில் பற்று எழுதிக்கொண்டிருந்தார் என்பதே உண்மை.

2022 செப்டம்பரில் 500 யூனிட்டுக்கான தொகை 1,130 ரூபாயிலிருந்து 1,725 ஆனது. 2024 ஜூலையில் 1,805. 2025 ஜூலையில் வந்த 3.16 விழுக்காடு உயர்வை வீடுகளுக்காக அரசே ஏற்றுக்கொண்டது. "அரசே" என்னும் சொல்லை நான் படிக்கும்போதெல்லாம் சற்று நிறுத்துகிறேன். அரசுக்கென்று தனியே தோட்டமோ துரவோ கிடையாது. சோப்புக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியின் வரியும் அதில் இருக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலையும் சிறு பட்டறையும் நம்மைவிடக் கூடுதலாகக் கொடுத்து நம் விலையைத் தாங்குகின்றன. 2022-ல் உயர்மின் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு யூனிட்டுக்கு 6 ரூபாய் 75 காசும், அதுபோக ஒரு கிலோவோல்ட் ஆம்பியருக்கு மாதம் 550 ரூபாய்த் தேவைக் கட்டணமும் விதித்தார்கள். சிறுதொழில் செய்வோர் 2023-ல் கதவடைத்துப் போராடியதற்கு இத்தகைய நிலைக்கட்டணங்களே காரணம். வேலை ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டியது அது. வீடுகளுக்கு நிலைக்கட்டணம் 2022-ல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது.

படிக்கட்டு முறையில் ஒரு விந்தையும் உண்டு. 2024 ஜூலைப் பட்டியலில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறு யூனிட் 2 ரூபாய் 35 காசு, அதன்பின் 400 வரை 4 ரூபாய் 70 காசு, பிறகு 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஐந்நூற்றைத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கான அரை விலைச் சலுகை போய்விடும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். கணக்கெடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதித்தால் நடுத்தர வீட்டில் முகம் வாடுவது இதனால்தான். வசதியுள்ளவர்கள் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என மூன்று இணைப்புகள், மூன்று நூறு இலவசம், மூன்று அட்டையும் ஐந்நூற்றுக்குள். ஒரே குடும்பம், ஒரே சமையல். கோவிலில் முன்வரிசையில் அமர்பவர்கள் வீட்டிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

இதன் மறுபக்கத்தை எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள ஒரு வளவில் பார்த்தேன். எட்டுக் குடித்தனங்கள்; ஒரே மின் இணைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் தனித்தனியாகத் துணை மீட்டர் மாட்டி, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். அங்கே குடியிருக்கும் பெண் ஒருவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "எம்பது யூனிட்டுக்கு எண்ணூறு ரூவா சார். நூறு வரைக்கும் காசில்லன்னு சொல்றாங்களே, அது எங்களுக்குக் கிடையாதா?" என்றார்.

அவருடைய நோட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டுக் குடும்பமும் எண்பது வீதம் 640 யூனிட். ஒரே இணைப்பாதலால் ஐந்நூற்றைத் தாண்டிய படியில் விழுகிறது. உரிமையாளர் வாரியத்துக்குக் கட்டுவது 3,258 ரூபாய். எட்டுக் குடும்பங்களிடமும் வாங்குவது 6,400. எட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் எட்டு அட்டையிலும் விழும் தொகை சுழியம்.

உரிமையாளரையும் பார்த்துப் பேசினேன். கொடியவர் அல்லர்; வணக்கம் சொல்லி உட்கார வைத்து மோர் கொடுத்தார். தண்ணீர் மோட்டாரும் வளவு விளக்கும் பழுது பார்ப்பதும் தம் தலையில்தான் என்றார். எட்டு இணைப்புக்கு முன்வைப்புத் தொகையும் கம்பிச் செலவும் யார் கொடுப்பது என்றும், குடித்தனம் காலி செய்துபோனால் பாக்கியை யார் கட்டுவது என்றும் கேட்டார். கேள்விகள் நியாயமானவையே. ஆயினும் மோட்டாரும் விளக்கும் இரண்டு மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய் குடிக்குமா என்று நான் திருப்பிக் கேட்டபோது, அவர் பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது.

விதிகளில் வழி இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் ஒப்புதல் கடிதம் தந்தால் குடியிருப்பவர் தம் பெயரிலேயே இணைப்புக் கேட்கலாம். அவர் மறுத்தால், குடியிருப்புக்குச் சான்றும் ஈட்டுறுதிப் பத்திரமும் தந்து விண்ணப்பிக்கவும் மின்பகிர்மான விதித்தொகுப்பு இடமளிக்கிறது. ஆனால் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லக்கூடிய ஒருவரை மீறி, பத்திரத் தாளோடு மின் அலுவலகத்துக்குப் போக எந்தக் குடித்தனக்காரருக்குத் துணிவு வரும்? ஏழைக்கென்று கோட்டையில் எழுதிய சலுகை, அந்த வளவின் வாசலில் ஒரு துணை மீட்டரில் மோதி நின்றுவிடுகிறது. மாடிக்கொன்றும் கீழுக்கொன்றும் வைத்திருப்பவர் வீட்டுக்கு அது மூன்று முறை போய்ச் சேர்கிறது.

மூன்று மாதம் பேசியதன் பயனாக, முன்பக்கத்து இரண்டு வீடுகளுக்குத் தனி இணைப்பு எடுக்க உரிமையாளர் சம்மதித்தார். முன்வைப்புத் தொகையை அந்த இரண்டு குடும்பங்களும் சீட்டுப் பணத்திலிருந்து கட்டின. நோட்டுக் காட்டிய பெண்ணின் வீடு பின்வரிசையில் ஐந்தாவது. மற்ற ஐந்து குடும்பங்களோடு அவரும் இன்றுவரை பத்து ரூபாய்க் கணக்கில்தான் இருக்கிறார். இப்போது இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை முன்வீட்டுத் திண்ணைக்குப் படிக்க அனுப்புகிறார். அந்தத் திண்ணை விளக்கு இலவச நூறுக்குள் எரிகிறது.